காய்ச்சல் விட்ட நாள்: ரங்கூன் தாய் ஒருத்தியின் ஐந்து ஆண்டுகள்

இந்தக் குறிப்பை எழுதச் சொன்னதே அந்தத் தாய்தான். "பேரு மட்டும் போடாதீங்க நர்ஸம்மா. மத்தபடி அவன் என்ன சாப்பிட்டான், எப்படி ஓடினான், எல்லாத்தையும் எழுதுங்க" என்றாள். என் மகள் வயது அவளுக்கு. 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. 'அவள்' என்றே எழுதுகிறேன். பிள்ளைகள் இருவரையும் வீட்டில் அழைத்தபடி பெரியவள், சின்னவன் என்று குறிக்கிறேன்.

நான் ரங்கூனில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நம் தமிழ்க் குடும்பங்களில் சாவு விழுந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதை ஓய்வுக்குப் பிறகு வழக்கமாக வைத்துக்கொண்டேன். இந்த வீட்டுக்கு 2019 ஆகஸ்டில் போகத் தொடங்கினேன். முதலில் வாரம் ஒரு முறை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை, கொரோனா காலத்தில் போனில், பிறகு மறுபடி நேரில் என்று 2024 வரை போனேன். ஐந்து ஆண்டும் என்னிடம் ஊரார் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இன்னுமா அழுறா?" அந்தக் கேள்வி தவறு என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். பிள்ளையை இழந்தவளிடம் பார்க்க வேண்டியது அவள் எப்போது நிறுத்துவாள் என்பதை அல்ல, அவள் கைகள் என்ன செய்கின்றன என்பதை.

வீடு

தாம்வே பக்கத்தில் பழைய கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ரங்கூன் மாடி வீடுகள் பலவற்றிலும் இருப்பதுபோல பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். மேல்முனையில் மணி, கீழ்முனையில் கிளிப். பேப்பர்காரர் கீழிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும்; கிளிப்பில் பேப்பரை மாட்டிவிட்டுப் போவார். சின்னவனுக்கு அந்தக் கயிறுதான் விளையாட்டு. பள்ளி விட்டு வந்ததும் படியேறுவதற்கு முன் கயிற்றை மூன்று தடவை இழுப்பான். அம்மா எட்டிப் பார்த்தால்தான் ஏறுவான்.

தாய்க்கு அப்போது 34 வயது. தகப்பனுக்கு 41, பருப்புக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறார். இந்தியாவுக்கு உளுந்து ஏற்றும் வியாபாரம். பெரியவளுக்கு 11. சின்னவனுக்கு ஏழு முடிந்து எட்டாவது நடந்துகொண்டிருந்தது, இரண்டாம் வகுப்பு.

தாயின் பிறந்த வீட்டார் பாதிப் பேர் 1964-இல், கடைகளையும் மில்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில், கப்பல் ஏறிச் சென்னைக்குப் போனவர்கள். மூத்த பெரியம்மா இன்றும் வியாசர்பாடியில் இருக்கிறார். இதைச் சொல்லக் காரணம் உண்டு. சாவு வீட்டில் தாயைச் சுற்றி உட்கார வேண்டிய பெண்கள், கட்டி அழ வேண்டிய கைகள், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தன.

ஐந்தாம் நாள்

2019 ஜூலை, அடைமழை. திங்கட்கிழமை சின்னவனுக்குக் காய்ச்சல். செவ்வாய் முழுக்க அனலாகக் கொதித்தது, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதான். புதன்கிழமை ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினார்கள். வைரஸ் காய்ச்சல், பாராசிட்டமால் கொடுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் விட்ட பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

வெள்ளிக்கிழமை காலை காய்ச்சல் விட்டது. உடம்பு சில்லென்று ஆனது. பையன் எழுந்து உட்கார்ந்து மொய்ங்கா வேண்டும் என்றான். மீன் குழம்பில் சேமியா போட்டுக் காலையில் தெருவில் விற்பார்களே, அதுதான். தகப்பன் கயிற்றில் கூடையைக் கட்டி இறக்கி வாங்கிக் கொடுத்தார். இரண்டு கரண்டி சாப்பிட்டான். வயிறு வலிக்கிறது என்றான். நாலு நாள் பட்டினி கிடந்த வயிற்றுக்குக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா நினைத்தாள். மதியம் பூராவும் தூங்கினான். நல்ல ஓய்வு என்று நினைத்தாள். தொட்டுப் பார்த்தாள், கையும் காலும் குளிர்ந்திருந்தன. மழைக் குளிர் என்று நினைத்துப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

சாயங்காலம் கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை. ஈறில் ரத்தம் தெரிந்தது. கொட்டுகிற மழையில் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சனிக்கிழமை விடிவதற்கு முன் போய்விட்டான்.

டெங்கு இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1970-இல் ரங்கூனில் முதல் பெரிய பரவல் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் அது வருகிறது, அதிகமாகப் பிடிப்பது பிள்ளைகளைத்தான். கிருமியில் நாலு வகை. ஒரு வகை வந்து போன உடம்பில் வேறு வகை நுழையும்போது கடுமையாவதற்கு வாய்ப்பு அதிகம். காய்ச்சல் ஏறும் நாட்களைவிட இறங்கும் நாள்தான் ஆபத்தானது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு தணியும். சில பிள்ளைகளுக்கு அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் மெல்லிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியும். ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழுந்து, கை கால் குளிரும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவை அதன் அடையாளங்கள். நேரத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்து, அளந்து அளந்து நீர் ஏற்றினால் நூறில் ஒருவர்கூடச் சாக வேண்டியதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. காய்ச்சல் விட்டால் பிள்ளை பிழைத்தது என்றுதான் உலகத்தில் எல்லாத் தாயும் நினைப்பாள்.

திதி இல்லாத சாவு

பெரியவர்கள் செத்தால் நமக்கு வழி தெரியும். எட்டு, பதினாறு, கருமாதி, மாதாமாதம் அமாவாசை, வருஷத் திதி என்று செய்ய வேண்டியது வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு நாளைக் கொடுக்கிறது. அந்த நாளில் அழலாம், சமைக்கலாம், பத்துப் பேர் வருவார்கள். சின்னப் பிள்ளைக்கு அப்படி இல்லை. எரிக்காமல் புதைத்தார்கள். மூன்றாம் நாள் பால் ஊற்றினார்கள். அத்தோடு முடிந்தது. கோயிலில் ஒரு பெரியவர், ஆறுதலாகத்தான், "குழந்தைக்குத் திதி கிடையாதும்மா, அது நேரா சாமிகிட்ட போயிருச்சு" என்றார். வீட்டுக்கு வந்து அவள் என்னிடம் கேட்டாள்: "சாமிகிட்ட போனவனுக்கு நான் சோறு வைக்கக் கூடாதா?"

பிள்ளைக்கு நீளமான சடங்கு வைக்காததில் ஒரு கருணை இருந்திருக்கலாம். பிள்ளைச் சாவு அடிக்கடி நடந்த காலத்தில், தாயை மறுபடி வயலுக்கும் அடுப்புக்கும் திருப்பிவிட அது உதவியிருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். ஆனால் இந்தத் தாய்க்கு அது, பிள்ளை கணக்கிலேயே வரவில்லை என்பதுபோல் ஆகிவிட்டது.

அந்த இடைவெளியை நிரப்பியவர் கீழ்வீட்டுப் பர்மியப் பாட்டி. பிள்ளைகள் அவரை 'அப்வா' என்றுதான் கூப்பிடுவார்கள். பர்மிய மொழியில் பாட்டி. அவர்கள் நம்பிக்கையில் உயிர் வண்ணத்துப்பூச்சிபோல ஏழு நாள் வீட்டைச் சுற்றியிருக்கும். ஏழாம் நாள் பிக்குகளுக்கு உணவளித்து, தண்ணீர் வார்த்து, புண்ணியத்தைப் பங்கு வைத்து அனுப்ப வேண்டும். அப்வா கேட்காமலே மூன்று பிக்குகளை அழைத்துவிட்டார். ஒரு சின்னச் செம்பிலிருந்து தட்டுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை வார்க்கும்போது, "எல்லாரும் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வார்கள். இருப்பவர்கள் 'தாது, தாது, தாது' என்பார்கள். நம் சாதுதான் அது. அந்தச் செம்பைத் தாய் தானே பிடித்தாள். கடைசிச் சொட்டு விழுந்த பிறகும் கவிழ்த்தே பிடித்திருந்தாளாம்.

ஒப்பாரி கடல் தாண்டி வந்தது. வியாசர்பாடிப் பெரியம்மா மெசஞ்சரில் வீடியோ போட்டு, போனைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு பாடினார். இவள் போனைத் தலையணையில் சாய்த்து வைத்து எதிரே படுத்துக் கேட்டாள். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் ஒரு மணி நேரம். பல நாள் நடந்தது. தாலாட்டில் வருகிற மாமன், மான், மயில் எல்லாம் அந்த ஒப்பாரியிலும் வந்தன. தொட்டில் மட்டும் இல்லை.

என் தவறு

மூன்றாவது தடவை போனபோது, கதவருகே கொக்கியில் சின்னவனின் பச்சைக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் தொங்கிக்கொண்டிருந்தன. அரசுப் பள்ளிகளில் சின்ன வகுப்புப் பையன்களுக்கு அதுதான் சீருடை. கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் ஆறாது, மடித்துப் பெட்டியில் வையம்மா என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஏழு வாரம் எனக்குக் கதவு திறக்கவில்லை. கயிற்றை இழுப்பேன், மேலே மணி சத்தமே கேட்காது. மணியைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது. தெருப் பிள்ளைகள் விளையாட்டாக இழுக்கும்போதெல்லாம் அவள் பால்கனிக்கு ஓடியிருக்கிறாள். மணியை அறுத்துப் போடச் சொன்னாளாம். அறுக்க மனமில்லாமல் தகப்பன் துணியைச் சுற்றியிருக்கிறார்.

கதவைத் திறந்துவிட்டது பெரியவள். உள்ளே போனதும் முதலில் மன்னிப்புக் கேட்டேன். நீ எப்போது எடுக்க நினைக்கிறாயோ அப்போது எடு, எடுக்காமலே இருந்தாலும் சரி என்றேன். அதன் பிறகு அவளாகவே பேசத் தொடங்கினாள். எங்கே தொடங்கினாலும் வெள்ளிக்கிழமைக்கு வந்து சேர்வாள். மொய்ங்கா, வயிற்று வலி, தூக்கம் என்று வரிசையாக வந்து ஒரே இடத்தில் நிற்பாள். "போர்வையப் போத்திவிட்டேன் நர்ஸம்மா."

அக்டோபரில் ஒரு நாள், "மூணு பேருக்கும் ராத்திரிக்குச் சமைச்சு வச்சிட்டா நான் கெளம்பிடலாம்னு தோணுது" என்றாள். இப்படிக் கேட்டால் சிலர் பேச்சை மாற்றுவார்கள், கடவுள் பேரைச் சொல்வார்கள். நேராகக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. "சாகணும்னு நினைக்கிறியா?" என்று கேட்டேன். "சாகணும்னு இல்ல. அவன் இருக்கிற எடத்துக்குப் போகணும்." அன்றே தகப்பனிடம் பேசி வீட்டில் இருந்த மாத்திரைகளை எடுத்து அப்புறப்படுத்தினோம். நாத்தனார் மூன்று வாரம் வந்து கூடப் படுத்தார். டாக்டரிடம் அழைத்துப் போய்த் தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் வழி பார்த்தோம். அந்த மூன்று வாரமும் நான் நிம்மதியாகத் தூங்கவில்லை.

கசிவைப் பற்றி அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று வெகு நாள் யோசித்தேன். நவம்பரில் சொன்னேன். மண்பானை வியர்ப்பதுபோல ரத்தக் குழாய் கசியும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "அப்ப தெரிஞ்சிருந்தா பொழைச்சிருப்பானா?"

விதி என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். "பொழைச்சிருக்கலாம்மா. ஆனா தெரியவெக்க வேண்டியது எங்க வேலை. உன் வேலை இல்ல" என்றேன். அவள் அன்று பேசவில்லை. அடுத்த இரண்டு வாரம் அவள் இன்னும் மோசமாக இருந்தாள் என்பதையும் எழுதியாக வேண்டும். உண்மையைச் சொன்னதும் பாரம் இறங்கிவிடும் என்று நினைப்பது சொல்கிறவர்களின் ஆசை. மூன்றாவது வாரம், "நீங்க ஒருத்தர்தான் பொய் சொல்லல" என்றாள்.

காலை ஐந்து மணி

அவள் நாள் எப்படிப் போனது என்பதைப் பெரியவளும் அவளுமாகச் சொன்னதிலிருந்தும் நான் பார்த்ததிலிருந்தும் எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு எழுவாள். சோறு வைத்துவிட்டு, 'தனக்கா' என்கிற மரக்கட்டையை அரைக்கும் கல்லை எடுத்துக்கொண்டு பால்கனியில் உட்காருவாள். வட்டமான கல், ஓரத்தில் தண்ணீர் வடியச் சின்ன வாய்க்கால். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மரக்கட்டையின் பட்டைப் பக்கத்தை வட்டமாக அரைத்தால் சந்தன நிறத்தில் குழம்பு வரும். பர்மாவில் பிள்ளைகள் கன்னத்தில் அதைப் பூசாமல் பள்ளிக்குப் போக மாட்டார்கள். சின்னவன் கன்னத்தில் இலை வடிவம் போட வேண்டும் என்று அடம் பிடிப்பான். அதற்கு ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்திருந்தாள், கோடு போட. அவன் போன பிறகும் இரண்டு பேருக்கு ஆகிற அளவுதான் அரைத்தாள். பெரியவளுக்குப் பூசிய மிச்சம் கல்லிலேயே காய்ந்து மாவாக உதிரும். அதைத் துடைத்து ஒரு டப்பாவில் போடுவாள். நான் அந்த டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறேன். கைக்கு எடை தெரியாத பொடி, மூடியைத் திறந்ததும் மட்டும் மணக்கும்.

டிபன் கேரியரும் இரண்டு கட்டினாள். ஒன்று பெரியவளோடு போகும். மற்றது மேசையில் இருக்கும். மூன்றரை மணிக்கு, அவன் கயிற்றை இழுக்கும் நேரத்துக்கு, திறந்து அவளே சாப்பிடுவாள். முதல் இரண்டு மாதம் அவள் சாப்பிட்டது நாளுக்கு அந்த ஒரு வேளைதான். ஏழு வயதுப் பிள்ளையின் சாப்பாடு. அதனால்தான் உடம்பு அப்படி இளைத்தது என்று எனக்குப் பிறகு புரிந்தது.

அந்தச் சாப்பாட்டுக்கு வழி சொன்னவரும் அப்வாதான். காலையில் பிக்குகள் உணவு ஏற்று வரிசையாகப் போவார்கள். வரிசையின் கடைசியில் 'கொயின்' என்கிற இளம் துறவிகள், ஏழெட்டு வயதுப் பையன்கள், தங்களைவிடப் பெரிய கலயத்தைக் கட்டிக்கொண்டு நடப்பார்கள். "மேசைல வச்சுக் காய விடுறத விட, அந்தக் கடைசிப் பையனுக்குப் போடு" என்றார் அப்வா. அது நிலைத்தது. அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல், முட்டை என்று போட்டாள். ஒரு நாள் அந்தக் கொயின் நிமிர்ந்து பார்த்துவிட்டானாம், பார்க்கக் கூடாது என்பது விதி. அன்றைக்கு முழுக்க அவள் முகத்தில் வெளிச்சம் இருந்ததாகப் பெரியவள் சொன்னாள். பிறகு அந்தப் பையன் வளர்ந்து வரிசையில் முன்னால் போய்விட்டான். கடைசியில் வேறு ஒரு சின்னவன் வந்தான்.

அப்வா கிசா கௌதமி கதையையும் சொன்னார். செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவளிடம், சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று புத்தர் சொன்ன கதை. இவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: "கடைசில அவ துறவி ஆயிட்டா. எனக்கு இன்னொண்ணு பள்ளிக்கூடம் போகுதே."

பெரியவளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வீட்டில் எல்லோர் கண்ணும் இல்லாத பிள்ளை மேல் இருந்தது. இருக்கிற பிள்ளைக்குத் தும்மல் வந்தால்கூட அம்மா இரவு முழுக்கக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொசுவலைக்குள் உட்கார வைத்தே பாடம் படிக்கச் சொன்னாள். அந்தப் பெண் ஒருமுறை படியிறங்கும்போது என்னிடம், "ஆன்ட்டி, எனக்குக் காய்ச்சல் வந்தா நான் சொல்ல மாட்டேன்" என்றாள். அதை அம்மாவிடம் சொல்லலாமா என்று அவளிடமே அனுமதி கேட்டுச் சொன்னேன். தாய் அன்று இரவு வலையைக் கழற்றினாள். மறுநாள் திரும்பக் கட்டினாள், ஆனால் தூங்கும்போது மட்டும்.

எத்தனை குவளை

சின்னவன் நவம்பரில் பிறந்தவன், செவ்வாய்க்கிழமை. பர்மியர்களுக்குப் பிறந்த கிழமை முக்கியம். ரங்கூனின் பெரிய புத்தர் கோயிலான ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றி ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை. செவ்வாய்க்குத் தென்கிழக்கு, சிங்கம். அங்கே இருக்கும் சிலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். வயசு எத்தனையோ அதோடு ஒன்று கூட்டி ஊற்றுவது அப்வா வீட்டு வழக்கம். அந்த ஒன்று வரப்போகிற வருஷத்துக்கு. சின்னவனை வருஷா வருஷம் அழைத்துப் போனவர் அப்வா.

2019 நவம்பரில் போகும்போது தாய் கேட்டாள்: "இந்த வருஷம் எத்தனை ஊத்தணும்? அவனுக்கு எட்டா, ஏழேதானா?" அப்வாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் படித்த எந்தப் பாடத்திலும் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இதே கேள்வி இருக்கிறது. அவன் அந்த வயதிலேயே நிற்கிறானா, நம்மோடு வளர்கிறானா?

ஏழு குவளை ஊற்றினாள். எட்டாவதை நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். திரும்பிப் பெரியவளிடம் கொடுத்து, "நீ ஊத்து" என்றாள்.

இது நோயா

இந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் இப்போது ஒரு பெயர் இருக்கிறது: நீடித்த துக்கக் கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு, 2022-இல் நடைமுறைக்கு வந்தது, ஆறு மாதத்துக்கு மேல் என்று எல்லை போடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதே ஆண்டு பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்றது. இரண்டுமே அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறியதாக இருக்க வேண்டும், அன்றாட வாழ்வைக் கெடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. மாதக் கணக்கை மட்டும் படித்துவிட்டு அந்த நிபந்தனையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

செத்தவரோடு இருக்கிற பிடிப்பை அறுத்தால்தான் துக்கம் முடியும் என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1917-இல் எழுதினார். அவருடைய மகள் சோஃபி 1920-இல் இறந்தாள். 1929-இல், அவள் இருந்திருந்தால் 36 வயது ஆகியிருக்கும் நாளில், நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் வேறு மாதிரி எழுதினார்: அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, நிரப்பாமல் இருப்பதே சரி என்ற பொருளில். அவரும் வயதைக் கூட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். 1996-இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகிய ஆய்வாளர்கள் அறுப்பது அல்ல, உறவைத் தொடர்வதே பலருக்கு இயல்பு என்று எடுத்துக்காட்டினார்கள். கிளாஸ் பிள்ளைகளை இழந்த பெற்றோர் குழு ஒன்றோடு நெடுநாள் பழகியவர். 1999-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபவும் ஷூட்டும், துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய் வருவார், ஊஞ்சல்போல என்றார்கள்.

இவளிடம் நான் பார்த்ததும் அந்த ஊஞ்சல்தான். காலையில் கல்லில் அரைக்கும்போது அவனோடு இருப்பாள். எட்டு மணிக்குச் சந்தையில் மீன் விலை பேசுவாள். என் கணிப்பில், அந்த அக்டோபர் மாதம் அவளுக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது; டப்பாவில் பொடி சேர்த்ததற்குத் தேவைப்படவில்லை. ஒரு நினைவுச் செயல் அவளைச் சாப்பிட விடாமல், தூங்க விடாமல், இன்னொரு பிள்ளையைப் பார்க்க விடாமல் செய்தால் அதைக் கவனிக்க வேண்டும். டிபன் கேரியர் முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு அதே டிபன் கேரியர் அவளைத் தெருவுக்கு இறக்கியது. பொருள் மாறவில்லை, அது போகிற வழி மாறியது.

பட்டியலில் ஒரு கோடு

தகப்பனைப் பற்றி இதுவரை அதிகம் எழுதவில்லை. எழுதும்படி அவர் எதையும் காட்டவில்லை. நாலாம் நாளே மண்டிக்குப் போனார். பையன் பேரைச் சொல்ல மாட்டார். மனைவி அவரைக் கல் என்றாள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன்.

பர்மாவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்பப் பட்டியல் உண்டு. யாராவது செத்தால் பேட்டை அலுவலகத்தில் கொடுத்துப் பேரை எடுக்க வேண்டும். தாய் பட்டியலைத் தர மறுத்து அலமாரியில் பூட்டி வைத்தாள். தகப்பன் ஒரு நாள் அவளுக்குத் தெரியாமல் கொண்டு போய்ச் செய்துவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வீட்டில் தங்குகிற விருந்தாளியைப் பதிய வேண்டும் என்ற பழைய சட்டம் திரும்ப வந்தது. ராத்திரியில் வந்து பட்டியலை வைத்துத் தலை எண்ணுவார்கள். ஒரு இரவு அப்படி வந்தபோது டார்ச் வெளிச்சத்தில் பட்டியலை நீட்டினவள், சின்னவன் பேரின் மேல் இழுத்திருந்த சிவப்புக் கோட்டை அப்போதுதான் பார்த்தாள். வந்தவர்கள் மூன்று பேர் என்று எண்ணிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு அவள் கணவனைக் கத்தவில்லை. "நீங்க தனியாவா போனீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார். அந்த அலுவலகத்து வாசலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கேட்டாளாம். இரண்டு மணி நேரம் என்றார். அன்றிலிருந்து அவரைக் கல் என்று அவள் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்த மார்ச்சில் மொபைல் இணையத்தை நிறுத்தினார்கள். வியாசர்பாடிக் குரல் நின்றது. ஜூலையில் கொரோனா மூன்றாம் அலை. ஆக்ஸிஜன் சிலிண்டரை வைத்துக்கொண்டு ஜனங்கள் தெருவில் வரிசை நின்றார்கள், சுடுகாடுகளில் இடம் இல்லை. பையனின் இரண்டாம் வருஷம் அந்த ஜூலையில்தான் வந்தது. "ஊரே அழுதுகிட்டு இருக்கு. இதுல என் புள்ளைக்குன்னு தனியா எப்படி அழ?" என்றாள் போனில். தனியாகத்தான் அழ வேண்டும், நான் போனில் இருக்கிறேன் என்றேன். நாற்பது நிமிடம் இருவரும் பேசாமல் இருந்தோம்.

பானை

2022 கோடையில் அவளே ஒன்று தொடங்கினாள். பர்மாவில் தெருவோரம் மரத்தட்டு கட்டி, இரண்டு பானைத் தண்ணீரும் ஒரு குவளையும் வைப்பார்கள், வழிப்போக்கருக்கு. நம் தண்ணீர்ப் பந்தல்தான், சின்ன அளவில். கட்டட வாசலில் அப்படி ஒன்று வைக்க வேண்டும் என்றாள். எனக்குத் திக்கென்றது. டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. வீட்டுப் பானை, தொட்டி, பூச்சாடி என்று நல்ல தண்ணீரில்தான் இடும். பானை நீரில் வந்த சாவுக்குப் பானையையே வைப்பதா? அவள் அதை யோசித்துத்தான் இருந்தாள். இறுகப் பிடிக்கும் அலுமினிய மூடி வாங்கினாள். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்று நான் முன்னே சொன்னதை நினைவு வைத்திருந்தாள். செவ்வாய் தவறாமல் கழுவிக் கவிழ்த்துவிடுவேன் என்றாள்.

தண்ணீர் குடிக்க வரும் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பாள். இடுப்பில் பிள்ளை இருந்தால், தமிழிலோ பர்மியத்திலோ, ஒரே பாடம்: "காய்ச்சல் விட்டா சந்தோஷப்படாத. கை காலைத் தொட்டுப் பாரு. குளுந்திருந்தா போத்தாத, தூக்கிக்கிட்டு ஓடு." எத்தனை பிள்ளைகள் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்குப் பயந்தே சந்தைக்குப் போகாமல் இருந்தவள். இப்போது "ரெண்டு. சின்னவன் இல்ல" என்கிறாள்.

சீருடை இன்னும் கொக்கியில்தான் தொங்குகிறது. மணியின் துணி எப்போது அவிழ்ந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

கடைசியாக நான் போனது 2024-இல், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. அவள் பெரியவளோடு டியூஷனுக்குப் போயிருந்தாள். வாசலில் தகப்பன் பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு, பானையைச் சாய்த்து, கையைத் தோள்வரைக்கும் உள்ளே விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரைக் கொட்டினால் போதாதா என்று கேட்டேன்.

"போதாதாம் சிஸ்டர். முட்டை பானைச் சுவத்துல ஒட்டிக்கிட்டிருக்குமாம். காஞ்சாலும் மாசக் கணக்குல கெடக்குமாம். அவ சொன்னா." இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தார். பிறகு கையை வெளியே எடுத்து நாரைப் பிழிந்துகொண்டே, "சின்னவனா இருந்தா தலைய உள்ள விட்டுக் கத்துவான். எதிரொலி கேக்கும்னு" என்றார். பானையை நிமிர்த்தி வைத்து, உள்ளே குனிந்து பார்த்தார். மறுபடி நாரை எடுத்து அடிப்பக்கம் தேய்க்க ஆரம்பித்தார்.